ஆஸ்பத்திரிக்குப் பணம் உண்டு, பணிவிடைக்கு?

வருமானம் எவ்வளவு என்று பாராமல், 70 வயது நிரம்பிய அனைவருக்கும் ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை இலவச சிகிச்சை அளிக்கும் திட்டத்தை 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கி வைத்தது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் விரிவாக்கம் இது. வரவேற்கத்தக்கதே. வயதான பெற்றோரை ஊரிலும் இங்குமாக வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடந்த தாராவி, டோம்பிவிலித் தமிழர்கள் பலர் இனிக் கவலை விட்டது என்று எண்ணினார்கள். அந்த எண்ணம் பாதிதான் சரி.

தாயார் பக்கவாதத்தில் விழுந்தால், ஆஸ்பத்திரியில் சேர்க்க அந்த அட்டை உதவும். சேர்ப்பதற்கு முந்தைய 3 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான செலவும்கூட அதில் அடங்கும். அதற்குப் பிறகு? கை கால் விழுந்தவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும், குளிப்பாட்டவும், ஊட்டவும், மலஜலம் எடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். இது மாதக்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில் நீளக்கூடிய காரியம். இதற்கு அந்த அட்டையில் ஒரு பைசாவும் கிடையாது.

இன்சூரன்ஸ் கம்பெனிகளின் மருத்துவ பாலிசிகளும் அப்படியே. குளிப்பாட்டுதல், உடை உடுத்துதல், நடமாட உதவுதல் முதலிய பணிவிடைகளுக்குப் பணம் தரப்படமாட்டாது என்று விலக்குப் பகுதியில் அச்சிட்டே இருக்கும். பிரீமியம் கட்டும்போது அதைப் படிப்பவர் யார்? தொழிலாளியைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் உண்டு. அதுவும் வைத்தியம்தான்.

ஆக, நோய்க்குப் பணம் கொடுக்க அரசும் கம்பெனியும் இருக்கின்றன. நோய் விட்டுச்சென்ற உடம்பைப் பார்த்துக்கொள்ளப் பணம் கொடுக்க எவரும் இல்லை.

முதியோர் இல்லம் ஒன்று மாதம் ரூ. 25 ஆயிரம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3 லட்சம்; ஐந்து வருடத்துக்கு 15 லட்சம். டெபாசிட், மருந்து, டயப்பர் தனி. நடமாடும் வரை ஒரு கட்டணம், படுக்கையில் விழுந்தால் வேறு கட்டணம் என்று சொல்லும் இல்லங்களும் உண்டு; படுக்கையில் விழுந்தால் அழைத்துப் போய்விடுங்கள் என்று சொல்பவையும் உண்டு. இதை முதல் நாளே கேட்டு எழுதி வாங்காதவர்கள் பிறகு அல்லாடுகிறார்கள். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023-ல் ரூ. 1,200 ஆக உயர்ந்தது. மேற்படி கணக்கில் அது ஒன்றரை நாளுக்கும் காணாது.

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. தம் வருவாயாலும் சொத்தாலும் பிழைக்க முடியாத பெற்றோர், சப்-டிவிஷனல் அதிகாரி அந்தஸ்தில் உள்ளவர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். மகன் மட்டுமல்ல, மகளும் பொறுப்பாளியே. ஆனால் தீர்ப்பாயம் விதிக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு மாதம் ரூ. 10 ஆயிரம். 2007-ல் அது ஒரு தொகை. இன்று பம்பாயில் ஓர் ஆயாவின் மாதச் சம்பளத்துக்கே பற்றாது. உச்சவரம்பை நீக்கவும், இல்லங்களையும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களையும் பதிவு செய்ய வைக்கவும் 2019 டிசம்பரில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 2024-ல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று.

மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி, ஆதரவற்ற முதியோருக்கு இல்லம் அமைப்பது பற்றியும் அதே சட்டம் பேசுகிறது. ஆனால் அமைக்க ‘வேண்டும்’ என்று சொல்லவில்லை, அமைக்க ‘லாம்’ என்கிறது.

வெளியூரில் வேலை பார்ப்பவர் பலருக்குத் தெரியாத ஒரு ஷரத்தும் இச்சட்டத்தில் இருக்கிறது. ஊரில் நாலு பிள்ளைகள் இருக்க, “பம்பாய்க்காரன்தானே சம்பாதிக்கிறான்” என்று முழுச் செலவையும் ஒருவர் தலையில் கட்டுவது நம் குடும்பங்களில் சகஜம். பெற்றோர் ஒரு பிள்ளை மீது மட்டும் மனுச் செய்தாலும், அவர் மற்ற உடன்பிறந்தாரையும் அந்த மனுவில் சேர்க்கக் கோரலாம். அண்ணன் தம்பிக்குள் கோர்ட்டா என்று கூசுபவர்கள், அந்த ஷரத்தைக் காட்டி, யார் எவ்வளவு தருவது என்று ஒரு தாளிலாவது எழுதிக்கொள்ளலாம். ஊரில் தாயாரைப் பார்த்துக்கொள்ளும் அக்காளின் உழைப்பும் அந்தத் தாளில் ஒரு பங்காக ஏற வேண்டும். அவரிடம் பணம் கேட்பது அநியாயம்.

வீட்டை எழுதி வாங்கிக்கொண்டவர் கைவிட்ட கதைகளும் நிறைய. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய தானப் பத்திரத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யலாம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அப்படியே பத்திரத்தை ரத்து செய்து, சொத்தைத் திரும்ப ஒப்படைக்கச் சொன்னது. நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது பின்னால் வழக்காடுவதைவிட மலிவு.

ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-த்திலும் பணிவிடைக்கென்றே தனி இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கின. ஜப்பானியர் 40 வயதிலிருந்தே அதற்குச் சந்தா கட்டுகிறார்கள். இந்தியாவில் 2022-ல் சுமார் 14.9 கோடியாக இருந்த 60 வயதுக்கு மேற்பட்டோர், 2050-ல் 34.7 கோடியாவார்கள் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் கணக்கிட்டிருக்கிறது. இங்கே அத்தகைய யோசனையின் சுவடே காணோம்.

கையில் உள்ளதைப் பார்த்தால், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் குறிப்பிடத்தக்கது. இதன்படி படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். முழுநேரப் பணிவிடை அல்லதான். ஆனாலும் தாயாரை ஊரிலிருந்து ரயிலேற்றி டோம்பிவிலி ஒற்றை அறைக்குக் கொண்டுவரும் முன்பு, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று தம்பியை விட்டு ஒரு தடவை விசாரிக்கச் சொல்லலாம்.