பாட்டனார் எதனால் இறந்தார்?

பால்மரக் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் வழிவிட்டு, லயங்கள் இடிபட்டு, சுங்கை சிப்புட்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் தலைமுறை தலைமுறையாக ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்த நம் குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று திசைக்கொன்றாகப் பிரிந்துபோனபோது, கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் மட்டுமல்லாமல், உறவினரில் யார் எந்த வயதில் எந்த வியாதியால் மாண்டார் என்ற குடும்ப ஞாபகத்தையும் நாம் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தோம்.

ஒரு வியாதியைப் பொறுத்தவரை அந்த ஞாபகமே பாதி வைத்தியம். இரு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் கொத்துக் கொத்தாகத் தோன்றி, வருஷங்கள் செல்லச் செல்லப் பெருத்து, நல்ல சதையை நெருக்கி அழிக்கும் பரம்பரை வியாதி அது. தாய் தந்தையருள் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. மலாயா சுதந்திரம் பெற்ற அதே 1957இல், டென்மார்க் தேசத்து மருத்துவர் டால்கார்ட் 284 நோயாளிகளையும் அவர்தம் குடும்பத்தாரையும் ஆராய்ந்து இந்த வம்சத் தொடர்ச்சியை விளக்கினார். அதற்குக் காரணமான முதல் மரபணு அகப்பட்டதோ 1994இல்தான். மரபணுவைக் காணாமலேயே குடும்பங்களைக் கேட்டுக் கேட்டு ஒருவர் உண்மையை எட்டினார் என்பதை நாம் மறக்கலாகாது.

"கிட்னி வியாதிதானே, அது கெடும்போது பார்த்துக்கொள்வோம்" என்ற நம்மவர் அபிப்பிராயம்தான் என்னை இதை எழுதத் தூண்டியது. சிறுநீரகம் செயலிழப்பதற்கு வெகுகாலம் முன்பே இவ்வியாதி இருதயத்தைத் தொட்டுவிடுகிறது. கட்டிகள் அருகிலுள்ள ரத்தக் குழாய்களை அழுத்த, தனக்கு ரத்தம் போதவில்லையென்று மயங்கிய சிறுநீரகம் அழுத்தத்தை உயர்த்தும் சுரப்பைப் பெருக்குகிறது. அதனால் முப்பது வயதை ஒட்டியே, சிறுநீரகப் பரிசோதனைகள் யாவும் சரியாக இருக்கும்போதே, ரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது. அதை எதிர்த்து ஓயாமல் உழைக்கும் இருதயத்தின் இடது அறைச் சுவர் தடித்துப்போகிறது. சிலருக்கு வால்வு தளர்கிறது; பத்தில் ஒருவருக்கு மூளையின் ரத்தக் குழாயில் சிறு வீக்கம் உண்டாகிறது, அது என்றேனும் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இந்நோயாளிகளின் மரணத்துக்குத் தலையாய காரணமாக மருத்துவர்கள் கூறுவது இருதய, ரத்தக் குழாய் நோய்களையே.

ஆகவே, "நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்" என்றும், "தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை" என்றும் ஒரே வீட்டில் அண்ணன், தம்பி, மகன் என்று தொடர்ந்து சொல்லப்படும் கதைகளில் சிலவற்றுக்குப் பின்னால் இவ்வியாதி ஒளிந்திருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் இதுவே காரணமென்பது பிழை. இனிப்பு நீரும் உப்பும் புகையும் இதைவிடப் பல மடங்கு பேரைக் கொல்கின்றன. ஆயினும் மருத்துவ உதவியாளரான டிரஸரின் மருந்துப் புட்டிகளே வைத்தியசாலையாக இருந்த தோட்டத்தில், வயிற்றுக்குள் படம் பிடித்துப் பார்க்கும் கருவிக்கு ஏது இடம்?

இன்று கருவி உண்டு, மருந்தும் உண்டு. சிறுநீரகம் இன்னும் கெடாத இளம் நோயாளிகளின் ரத்த அழுத்தத்தை 110/75 என்ற அளவுக்கும் கீழே இறக்கிவைத்து அமெரிக்காவில் நடத்திய, 2014இல் வெளிவந்த ஆராய்ச்சியில், சிறுநீரகம் பெருக்கும் வேகம் குறைந்ததோடு இருதயச் சுவரின் தடிப்பும் கூடுதலாகக் குறைந்தது. இத்தனை பயனும் காலத்தில் கண்டுபிடித்தவர்க்கே.

கண்டுபிடிக்க விடாமல் தடுப்பது வறுமையைவிடப் பெரிதும் நம் மறைப்புதான். விவாகம் தடைபடும் என்று தகப்பனாரின் வியாதியை மகளிடமே மறைக்கிறோம். தெரிந்த பிறகோ, சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று மருமகளைக் குற்றஞ்சாட்டுகிறோம். சொந்தமோ அந்நியமோ, இவ்வியாதிக்கு அந்தப் பேதம் கிடையாது. இதை மறைப்பது, பிள்ளைகளின் இருதயத்துக்கு நாம் செய்யும் துரோகம் என்றே சொல்வேன்.

வருகிற தீபாவளிக்கு உறவெல்லாம் கூடும்போது, வயதில் மூத்த அத்தையின் அருகில் உட்கார்ந்து, பாட்டனார் எதனால் இறந்தார், எத்தனை வயதில் இறந்தார், அவருடைய உடன்பிறந்தார் என்ன ஆனார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கிட்னி கெட்டவரோ, இளவயதில் மாரடைப்பாலும் மூளை ரத்தக் கசிவாலும் போனவரோ அந்த ஏட்டில் இருந்தால், இருபது வயது கடந்த பிள்ளையை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, ஏட்டையும் டாக்டரிடம் காட்டி, ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். கட்டணம் ஒரு வெள்ளி.