தரகு குறைந்தால் லாபமா?

டிராம்பே சீட்டா கேம்ப், 1976-ல் ஜனதா காலனியை இழந்த மக்கள் குடியமர்த்தப்பட்ட இடம். அங்கு வீட்டை விற்க நினைக்கும் தமிழர் முன் ஒரு கேள்வி: 2 சதவீதம் கேட்கும் தரகரா, 1 சதவீதத்தில் முடிப்பவரா?

30 லட்ச ரூபாய் வீடு என்றால் மிச்சம் 30 ஆயிரம். அவசரமாக முடிக்க விலையில் ஒரு லட்சம் விட்டுக்கொடுத்தால் அந்த மிச்சம் எங்கே?

விலையைவிடப் பெரிது பத்திரம். பவர் பத்திரம் எழுதிக்கொடுத்தால் மட்டும் சொத்து கைமாறிவிடாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. இடம் யார் பெயரில் இருக்கிறது, பெயர் மாற்ற அனுமதி உண்டா என்று பார்த்து, பதிவு அலுவலகம் வரை கூட வருபவருக்கு 2 சதவீதம் தகும்.

வாங்குபவர் தெரிந்தவர், தாள்களும் சரி என்றால் குறைந்த தரகே போதும். யாரானாலும், செய்யும் வேலையை எழுதி வாங்குங்கள். பதிவு முடிந்த பிறகே தரகைக் கொடுங்கள்!