வாயில்லா ஜீவனுக்கும் வலி உண்டு

நன்றிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நாயைச் சொல்கிறோம். ஒருவரைத் திட்ட வேண்டுமானாலும் நாயைத்தான் சொல்கிறோம்! புகழவும் இகழவும் பயன்படும் இந்தப் பிராணிக்கு வலிக்குமா என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணத்துக்குள் பந்து சுழல்வது போன்ற அமைப்பு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்கள் சிலவற்றில் பந்தும் கிண்ணமும் சரிவரப் பொருந்தாமல் வளர்கின்றன. நாளடைவில் மூட்டு தேய்ந்து வலி தொடங்குகிறது. நாய் அழுது புலம்புவதில்லை. படி ஏறத் தயங்கும். படுத்த இடத்திலிருந்து எழச் சிரமப்படும். ஓடும்போது முயலைப் போலப் பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைக்கும். “வயதாகிவிட்டது, சோம்பேறியாகிவிட்டது” என்று நாம் சொல்லிவிடுகிறோம். சோம்பல் அன்று, வலி!

இந்த வலியை அடக்க இன்று ஒரு நல்ல வழி உண்டு. பல் பிடுங்குமுன் ஈறு மரத்துப்போக ஊசி போடுகிறார்கள் அல்லவா? அதுபோலவே இடுப்பிலிருந்து வலியை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பின் அருகே மருந்தைச் செலுத்துகிறார்கள். முன்பெல்லாம் எலும்பைத் தொட்டுப் பார்த்து, உத்தேசமாகத்தான் ஊசி குத்த வேண்டும். இப்போது நம் காதுக்குக் கேட்காத மீயொலி அலைகளை உடலுக்குள் அனுப்பும் ஸ்கேன் கருவி, நரம்பையும் இரத்தக் குழாயையும் ஊசி முனையையும் திரையில் காட்டுகிறது. இரத்தக் குழாயில் குத்திவிடாமல் வேண்டிய இடத்தில் மருந்தை விடலாம். கனடாவின் டொரான்டோ நகர மருத்துவர்கள் இடுப்பு எலும்பு முறிந்த மனிதர்களுக்காக இத்தகைய ஊசிமுறை ஒன்றை 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கால்நடை மருத்துவர்கள் அதை நாய்க்கு ஏற்றபடி ஆராய்ந்தனர்.

இந்த ஊசி நோயைத் தீர்ப்பதில்லை. மருந்தின் வேகம் சில மணி நேரமே நிற்கும். பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையின்போதும் அதன் பின்னும் நாய் துடிக்காமல் இருக்கவே இது உதவுகிறது. மயக்க மருந்தும் குறைவாகவே தேவைப்படுகிறது.

“மனிதனுக்கே வைத்தியம் கிடைக்காத நாட்டில் நாய்க்கு ஸ்கேன் ஊசியா? இது பணக்காரர் விளையாட்டு” என்பர் சிலர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஏழையின் வலி முதலில் தீரத்தான் வேண்டும். ஆனால் இரக்கம் என்பது ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைந்துவிடும் பண்டமா? மேலும், இந்த நாய்களை இவ்வாறு ஆக்கியது யார்? ஜெர்மன் ஷெப்பர்டு காட்டில் தானாகத் தோன்றியதன்று. ஜெர்மனியில் ஆட்டு மந்தை காத்த நாய்களைத் தேர்ந்தெடுத்து மனிதன் உருவாக்கிய இனம் அது. அதற்கென 1899ஆம் ஆண்டில் சங்கமே தொடங்கப்பட்டது. நமக்குப் பிடித்த உருவத்தையும் உழைப்பையும் வேண்டி இனம் பெருக்கினோம். அதனுடன் இடுப்பு நோயும் வழிவழியாக வந்தது. ஆகவே அந்த வலியைத் தணிப்பது நாம் இடும் பிச்சை அன்று. நாம் பட்ட கடன்!

அந்தக் கடனைத் தீர்க்கப் பெரும் பணமும் எப்போதும் தேவையில்லை. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவம் முதல் இறக்கும் வரை கவனித்தனர். கால் பங்கு குறைவாக உணவு பெற்றவை, மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. இடுப்பு மூட்டுத் தேய்வும் அவற்றுக்குக் குறைவே. பாசத்தால் நாம் அள்ளிப் போடும் இனிப்பும் பிஸ்கட்டும் பாசமே அன்று என்பது இதனால் விளங்கவில்லையா? வழுக்கும் தரையில் ஒரு சாக்கை விரிக்கலாம். நாய் நொண்டினால் நாம் விழுங்கும் வலி மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லலாம். இபுபுரூஃபன் போன்ற மாத்திரை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்; உயிருக்கே உலை வைக்கும்.

பெற்றோர்களே, குட்டி வாங்குமுன் அதன் தாய்க்கும் தந்தைக்கும் இடுப்பு நலமா என்று கேளுங்கள்; அழகை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தோழியரே, மருத்துவராவேன் என்று நம்மில் பலர் சொல்கிறோம். சென்னையில் 1903ஆம் ஆண்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அந்தப் படிப்பையும் நாம் ஏன் விரும்பக் கூடாது? எங்கே வலிக்கிறது என்று சொல்லும் நோயாளிக்கு வைத்தியம் செய்யப் பலர் உண்டு. சொல்லத் தெரியாத நோயாளியின் வலியைக் கண்டறியவும் கைகள் வேண்டுமே! அந்தக் கைகளுள் நம் கைகளும் இருக்கட்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி