ராட்டினத்தில் ஏறினால் போதுமா?

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பிள்ளைகள் முன்பெல்லாம் மாமல்லபுரம், வண்டலூர், ஏலகிரி என்று கேட்பார்கள். இப்போது அந்தப் பட்டியலில் ஒரு புதுப் பெயர் சேர்ந்திருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வண்டர்லா கேளிக்கைப் பூங்காதான் அது. 64 ஏக்கர் பரப்பு, 611 கோடி ரூபாய் முதலீடு, 43 விளையாட்டுகள். முதலமைச்சரே திறந்து வைத்தார்.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை நம் ஊர்களைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அதன் ஒரு கோடியில் இந்தப் புதிய பூங்கா. மறுகோடியில், பெங்களூருவை அடுத்த பிடதியில், அதே நிறுவனத்தின் பழைய பூங்கா 2005 முதல் நடக்கிறது. அங்கே 2012-லேயே ஓட்டலும் வந்துவிட்டது. ஒரு நாள் ஆட்டம் என்று தொடங்குவது இரவு தங்கல், கல்யாண மண்டபம், கூட்ட அரங்கு என்று வளர்வதே இத்தொழிலின் வழக்கம். நம் பக்கத்திலும் பாருங்கள். ஸ்ரீபுரம் பொற்கோயில் 2007-ல் வந்த பிறகு திருமலைக்கோடி வட்டாரம் எப்படி மாறியது என்பது எல்லோருக்கும் தெரியும். கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர் சூட்டிய ஏலகிரி மலையில் இன்று ரிசார்ட் பலகைகளே அதிகம் கண்ணில் படுகின்றன. தோலுக்கும் ஷூவுக்கும் அடுத்து, இந்த நெடுஞ்சாலை ஓரத்தில் வளரப்போகும் தொழில் சுற்றுலாவும் விடுதியும்தான்.

அதனால்தான் இதைப் பற்றி இப்போதே பேச வேண்டும் என்கிறோம். பிந்திப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு நம் தோல் தொழிலே சாட்சி.

தோல் சொன்ன பாடம்

பச்சைத் தோலைச் சுமந்தவர்கள் நம்மவர்கள். சுண்ணாம்புக் குழியில் நின்றவர்கள் நம்மவர்கள். டேனரி யாருடையது, லாபம் யாருக்கு, கழிவு நீர் எங்கே போகும் என்று தொழில் வந்தபோது நம்மிடம் யாரும் சொல்லவில்லை. நாமும் கேட்கும் நிலையில் இல்லை. கேள்வி எழுந்தபோது பாலாற்றுக் கரையின் கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-ல் இழப்பீடு அறிவித்தது. அத்தோடு முடிந்ததா? 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம், பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். வழக்குத் தொடங்கியபோது பள்ளியில் படித்த பிள்ளைக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கலாம்.

ஒரு தொழில் வரும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். வந்து வேரூன்றிய பிறகு கேட்டால் நீதி கிடைத்தாலும் நேரத்துக்குக் கிடைக்காது.

ஒரே தண்ணீரில்

"ஆட்டம் பாட்டத்துக்கு எதற்கு ஒரு கட்டுரை? படிக்கிற பிள்ளைக்கு ராட்டினம் சோறு போடுமா?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் தெருக்களில் உண்டு. அவர்கள் பட்ட பாட்டை மதிக்கிறோம். ஆனால் அந்தக் கருத்தை ஏற்கவில்லை.

பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுச் சாலை எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1927-ல் மகாராஷ்டிரத்தின் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் கையால் அள்ளிக் குடித்த தண்ணீர் நாட்டையே உலுக்கியது. பிறகு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். கடை, உணவகம், ஓட்டல், பொதுக் கேளிக்கை இடம் ஆகிய எதிலும் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவையும் அடுத்த வரியிலேயே வருகின்றன. அதாவது ஓட்டலும் கேளிக்கையும் அற்ப விஷயங்கள் என்று அரசமைப்பை எழுதியவர்கள் நினைக்கவில்லை. குடிக்கும் தண்ணீரோடு சேர்த்தே அவற்றையும் வைத்தார்கள்.

அது எழுதப்பட்டு முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் 2019 ஆகஸ்டில், நம் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழி மறிக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இத்தகைய நாட்டில், எந்தத் தெரு என்று கேட்காமல் ஆயிரம் பேர் ஒரே அலைக் குளத்தில் இறங்கி நனைவது சின்னச் சங்கதி அல்ல. ஊரில் தண்ணீருக்கு ஒதுங்கி நின்ற வீட்டுப் பிள்ளை அங்கே ஒதுங்காமல் நிற்கிறது. அந்த ஒரு நாள் நினைவு அதன் முதுகை நிமிர்த்தும்.

ஆனால் சாதி கேட்காத வாசல் காசு கேட்கிறது. திறப்பின்போது அறிவிக்கப்பட்ட நுழைவுக் கட்டணம் 1,489 ரூபாயில் தொடங்கியது. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். பிளஸ் ஒன் படிக்கும் மகளும் தாயும் போய்வர, பஸ் செலவும் சாப்பாடும் இல்லாமலே, ஏறத்தாழ 9 நாள் கூலி வேண்டும்.

ஆகவே முதல் கோரிக்கை பள்ளிகளிடம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், விடுதிகளில் படிக்கும் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது அரசுச் செலவில் இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கூட்டம் குறைந்த வார நாட்களில் சலுகைக் கட்டணத்துக்கு மாவட்ட ஆட்சியர்களே பூங்கா நிர்வாகங்களிடம் பேசலாம். பிற பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பணம் கட்டாத பிள்ளைகளை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். நீர் விளையாட்டுக்கு நைலான் உடை வேண்டும் என்பது போன்ற விதிகளை முன்கூட்டியே சொல்லுங்கள். அங்கே போய் வாடகை உடைக்குக் காசில்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது சுற்றுலா அல்ல.

யாருக்கு எந்த வேலை?

இரண்டாவது கேள்வி வேலை. ஒரு பெரிய பூங்காவும் ஓட்டலும் நடக்க ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், ராட்டினம் இயக்குபவர், நீச்சல் காவலர், சமையல்காரர், வரவேற்பாளர், கணக்காளர் எனப் பலரும் வேண்டும். ஆனால் எந்த ஊர் விடுதிக்குப் போனாலும் வரவேற்பறையில் நிற்பவர் யார், கழிப்பறை கழுவுபவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். தோல் தொழிலில் குழிக்குள் இறங்கும் வேலை யாருக்கு என்று எழுதாமலே எழுதி வைத்திருந்தது போல, விடுதித் தொழிலிலும் துடைப்பம் நம் கைக்கே வந்து சேரும். தடுக்க ஒரே வழி, படிப்போடு போய் நிற்பது.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கத் தாட்கோ உதவுகிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்பு உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு உணவுத் தயாரிப்பில் ஒன்றரை ஆண்டுப் பயிற்சி உண்டு. கட்டணத்தைத் தாட்கோ ஏற்கிறது. உங்கள் மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் கேளுங்கள். சமையல் படிப்பா என்று வீட்டில் முகம் சுளித்தால், அதே சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலைக்கும் அதை நடத்தும் வேலைக்கும் உள்ள தூரம் இந்தச் சான்றிதழ்தான் என்று சொல்லுங்கள்.

அரசுக்கும் ஒரு சொல். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை என்பது உண்மை. ஆனால் இள்ளலூர் பூங்காவுக்கு 10 சதவீத உள்ளாட்சி வரியிலிருந்து அரசு விலக்குக் கொடுத்திருக்கிறது. சலுகை கொடுக்கும் கைக்கு நிபந்தனை கேட்கும் உரிமையும் உண்டு. இனி வரும் பூங்காக்களுக்கும் ஓட்டல்களுக்கும் சலுகை கொடுக்கும்போது, நிரந்தர வேலைகளில் உள்ளூர்த் தலித் இளைஞர்களுக்கு எத்தனை இடம், அதுவும் எந்தப் பதவியில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

தொட்டிக்குள் இறங்காதீர்கள்

மூன்றாவது, உயிர்ப் பிரச்சினை. விடுதி பெருகினால் கழிவுநீர்த் தொட்டியும் பெருகும். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தனியார் விடுதியின் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன மூன்று பேர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். தொட்டிக்குள் ஆளை இறக்கி ஆபத்தான சுத்தம் செய்விப்பதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இத்தகைய சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

முப்பது லட்சம் வந்தாலும் போன உயிர் வராது. தம்பிமார்களே, ஐந்நூறு ரூபாய் கூடத் தருகிறேன், ஒரு நிமிட வேலைதான் என்று மேஸ்திரி சொன்னாலும் இறங்காதீர்கள். உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவதால்தான் ஒன்று மூன்றாகிறது. இயந்திர வண்டியை வரவழைக்க 14420 என்ற எண் இருக்கிறது.

நிலம் பத்திரம்

நான்காவது நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையை ஏற்று 1892-ல் ஆங்கில அரசு தலித் மக்களுக்கு ஒதுக்கியவையே பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மட்டுமே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் போன வழி நமக்குத் தெரியும். செங்கல்பட்டு மாவட்டக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள்.

இள்ளலூர் பூங்காவின் நிலத்தைப் பற்றி நாம் எந்தக் குறையும் சொல்லவில்லை. ஒரு பூங்காவோ ரிசார்ட்டோ வந்ததும் அதைச் சுற்றி உயரும் நிலவிலையைப் பற்றித்தான் பேசுகிறோம். நெடுஞ்சாலை ஓரத்திலும், பொற்கோயில் வட்டாரத்திலும், மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஏலகிரியிலும் தரகர்கள் நடமாட்டம் எப்போதும் உண்டு. உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டை ஒரு முறை பாருங்கள். எந்தச் சர்வே எண் நிபந்தனைப் பட்டா என்று எழுதி வையுங்கள். படித்த பிள்ளைகள் இருக்கும் தெருவுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அவசரத்துக்கு முன்பணம் வாங்கிக் கைரேகை வைத்த பிறகு, மீட்கப் பத்து ஞாயிறு போதாது.

வரியையும் மறக்க வேண்டாம். கேளிக்கை வரி என்பது உள்ளாட்சிக்குச் சேர வேண்டிய பணம். அதை விட்டுக்கொடுத்தால் குறைவது ஊராட்சியின் வருமானம். சேரித் தெருவின் விளக்கும் குழாயும் நடப்பது அந்த வருமானத்தில். நம் பகுதியில் இப்படியொரு திட்டம் வருமானால் தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள், கழிவு எங்கே போகும், வரி எவ்வளவு என்ற மூன்று கேள்விகளையும் கிராம சபையில் எழுப்பிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பாலாற்றுத் தண்ணீரை ஒரு முறை இழந்தவர்கள் நாம்.

பூங்கா வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. நம் பிள்ளைகள் ராட்டினத்தில் ஏறட்டும், அலைக் குளத்தில் கும்மாளம் போடட்டும். அந்த ராட்டினத்தை இயக்கும் பொறியாளராகவும், அந்த ஓட்டலின் மேலாளராகவும் அடுத்த பத்தாண்டில் அவர்களில் சிலர் நிற்க வேண்டும். அதற்கு இந்தக் கல்வியாண்டின் விண்ணப்பத்திலிருந்தே தொடங்க வேண்டும்.