எண்ணெய் ஊற்றியவர் எங்கே?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சென்ற ஆண்டு நம் கல்லூரி நுண்கலை விழாவில் நிழற்படப் போட்டி நடந்தது நண்பர்களுக்கு நினைவிருக்கும். நூலகத்துக்குப் போகும் தாழ்வாரத்தில் ஒட்டியிருந்த படங்களில் ஒன்று நீராவி எஞ்சின். மலைச்சரிவு, பழுப்பு வண்ணம், வானத்தை மறைக்கும் கரும்புகை! இரண்டாம் பரிசு பெற்ற அந்தப் படம் அடியேன் எடுத்தது. 'எடுத்தது' என்று சொல்வதா, 'செய்தது' என்று சொல்வதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு. குற்றவாளியும் நானே, வழக்கறிஞனும் நானே. தீர்ப்பைப் படிப்பவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் புறப்படும் மலை ரயிலை நம்மில் பலர் அறிவோம். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் போடப்பட்ட பாதை அது. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற வேண்டிய செங்குத்து. வெறும் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள்: இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரத்துக்கு. ஏற்றத்தில் எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சுவிட்சர்லாந்தில் பிறந்த இந்த எஞ்சின் குடும்பத்துக்குப் புதிய வாரிசுகளை நம் திருச்சிப் பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டில் கட்டித் தந்தது. நம் நாட்டு அகலப் பாதைகளில் 1995-இலேயே ஓய்ந்துவிட்ட நீராவி, இந்த மலையில் இன்னும் குன்னூர் வரை மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

துறை ஆசிரியர் ஒருவர் தம் பழைய கேமராவை இரவல் கொடுத்தார். ஹில்குரோவ் நிலையத்தில் வண்டி தண்ணீர் பிடிக்க நின்றபோது ஓடிப்போய் எடுத்தேன். இருபத்து மூன்று படங்கள். பத்தொன்பது வீண்.

ஏன் வீணாயின என்பது இயற்பியல் மாணவனுக்குப் பிறகுதான் உறைத்தது. கேமராவின் ஒளிமானி ஒரு வெகுளி. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நம்பும். கறுத்த எஞ்சினைக் காட்டினால், 'அடடா, வெளிச்சம் போதவில்லையே' என்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடும். உடனே எஞ்சின் வெளிறும், பக்கத்தில் எழும் வெண்ணிற ஆவியோ விவரமே இல்லாத வெற்றுத் தாளாகிவிடும். இருட்டில் ஒளிந்த விவரத்தைப் பிறகு கணினியில் ஓரளவு மீட்கலாம். வெளுத்துப் போனதை மீட்க முடியாது, ஏனென்றால் அங்கே பதிவே இல்லை. ஆகவே ஆவிக்காக ஒளியைக் குறைத்து எடுக்க வேண்டும். இன்னொன்று: உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. புகைபோக்கியின் வாயை விட்டு வெளியேறிக் காற்றில் குளிர்ந்து துளிகளானபின்தான் வெண்மேகமாகத் தெரிகிறது. அதனால்தான் குளிர்ந்த காலையில் எஞ்சின் அழகாயிருக்கிறது, உச்சி வெயிலில் ஏழையாகத் தெரிகிறது.

அன்று வெயில் ஏறிவிட்டது. ஆவி மெலிந்திருந்தது. தேறிய நான்கு படங்களில் சிறந்ததில், எஞ்சினின் நடுச்சக்கரத்தை மறைத்துக்கொண்டு காக்கிச் சட்டைத் தொழிலாளி ஒருவர் எண்ணெய்க் கேனோடு குனிந்து நின்றார். அறைக்கு வந்து கைப்பேசிச் செயலியைத் திறந்தேன். விரலால் அவரைத் தடவினேன், மறைந்தார். சக்கரம் இருந்த இடத்தைச் செயலியே ஊகித்து நிரப்பியது. புகை என்ற பொத்தானை அழுத்தினேன், கரும்புகை எழுந்தது. கடைசியில் பழைய காலத்துப் பழுப்பு நிறம் பூசினேன். எல்லாம் நான்கு நிமிடம். பரிசும் வந்தது, கைதட்டலும் வந்தது.

அப்பாவைப் பெற்ற என் அப்பாரு, எழுபதுகளில் போத்தனூர்–திண்டுக்கல் மீட்டர் கேஜ் பாதையில் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே பரிசுப் படத்தை முதலில் அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா என்னத்தைப் போட்டு எரிச்சானுக? இத்தனை கரும்பொகை வந்துச்சுன்னா எங்க டிரைவரு என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிப்போடுவாரு."

நான் பேசவில்லை.

"தண்ணி புடிக்க நிக்குது வண்டி. இந்த நேரத்துல ஒருத்தன் எண்ணெய்க் கேனோட சுத்திச் சுத்தி வருவானே, அவன் எங்க?"

"அழிச்சுட்டேன் அப்பாரு."

"ஏஞ் சாமி?"

"படத்துக்கு எடஞ்சலா இருந்தாரு."

அப்பாரு படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "செரி, போய்ச் சாப்புடு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று பட்டது.

நண்பர்களே, நான் அழகு என்று எண்ணிச் சேர்த்த கரும்புகை, அந்தத் தொழில் தெரிந்தவருக்கு அவமானத்தின் அடையாளம்! கரும்புகை என்றால் முழுதும் எரியாத கரி. காற்றுப் போதாமல் எரிபொருள் துகள்களாகவே வெளியேறுகிறது என்று பொருள். நல்ல ஃபயர்மேன் கரியை ஒரே குவியலாகக் கொட்டமாட்டான். கொஞ்சம் கொஞ்சமாக, மெல்லிய விரிப்பாக, ஃபயர்பாக்ஸின் மூலைமுடுக்கெல்லாம் பரவும்படி வீசுவான். நான் படித்த எரிதல் பாடத்தை அப்பாரு தோளால் படித்திருக்கிறார். அவர் முன்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஆனால் பணிக்காலத்தில் அவர் எஞ்சினோடு நிற்கும் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. எஞ்சினைப் படமெடுக்க வந்தவர்களுக்கு அவரும் இடைஞ்சலாகத்தான் இருந்திருப்பாரோ?

அன்றிலிருந்து இந்தக் கேள்வியை விடாமல் யோசிக்கிறேன்: எந்தத் திருத்தம் கலை, எந்தத் திருத்தம் பொய்? திருத்தமே கூடாது என்று சொல்லும் கட்சி நானல்ல. கேமராவே ஒரு திருத்தம்தான். வண்டியோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டே மெதுவான ஷட்டரில் எடுத்தால் பின்னணி கோடுகளாகக் கரைந்து எஞ்சின் மட்டும் தெளிவாக நிற்கும். நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. ஆனால் வேகத்தை நெஞ்சு உணர்ந்த விதம் அதுவே. ஆகவே திருத்தங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலாவது, வெளிச்சத்தைத் திருத்துவது. அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின்மேல் நிலவு எழுவதை எடுத்தார். அதே நெகட்டிவை ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் அச்சிட்டபோது வானத்தை மேலும் மேலும் இருளாக்கினார். நிலவை அவர் நகர்த்தவில்லை, இல்லாத மலையைக் கொண்டுவரவும் இல்லை. எஞ்சினின் நிழல்பக்கத்தைச் சற்று வெளுக்க வைத்து ஆணிகளையும் குழாய்களையும் தெரியச் செய்வதும் இத்தகையதே. இருந்ததைத் தெரியவைப்பது திருத்தமல்ல, மரியாதை.

இரண்டாவது, வண்ணத்தைத் திருத்துவது. கறுப்பு வெள்ளையை எஞ்சின் தாங்கும். கரியும் ஆவியும் இரும்பின் பளபளப்பும் அதில் வாழும். ஆனால் எஞ்சின் என்றாலே பழுப்பு நிறம் பூசும் பழக்கத்தை நான் இப்போது வெறுக்கிறேன். பழுப்பு என்ன சொல்கிறது? 'இது முடிந்துபோன காலம்' என்கிறது. அந்த எஞ்சின் அன்று காலை மலையேறியது! அதன் தொழிலாளி அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்! உயிரோடிருப்பவருக்கு மாலை போட்ட படம் மாட்டுவது எவ்வளவு தவறோ அவ்வளவு தவறு இது.

மூன்றாவது, பொருளையே திருத்துவது. இருந்தவரை அழிப்பது, இல்லாததைச் சேர்ப்பது. இங்கேதான் வழக்கு சிக்கலாகிறது.

ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற அமெரிக்கர் 1955 முதல் சில ஆண்டுகள், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை இரவிலேயே எடுத்தார். சூரியனையும் நகர்த்த முடியாது, தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது, ஆகவே தன் வெளிச்சத்தைத் தானே அமைப்பது என்பது அவர் கொள்கை. பாதை ஓரமெங்கும் ஃபிளாஷ் பல்புகளைக் கம்பியால் இணைத்து, எஞ்சின் வரும் நொடியில் ஒரே முறை மின்ன வைத்தார். 1956-இல் மேற்கு வர்ஜீனியாவில் எடுத்த புகழ்பெற்ற படத்தில், காரில் அமர்ந்தபடி சினிமா பார்க்கும் திறந்தவெளி அரங்கின் பின்னால் எஞ்சின் பாய்கிறது, திரையில் ஒரு விமானம் பறக்கிறது. ஆனால் அந்த ஃபிளாஷ் வெளிச்சத்தில் திரைக்காட்சி வெளுத்துப் போயிற்று. விமானத்தைப் பிறகு இருட்டறையில்தான் சேர்த்தார். இது பொய்யா? ஒரு மாதம் குழம்பினேன். அந்த அரங்கில் திரை இருந்தது, படம் ஓடியது. வெளிச்சம் அழித்ததை அவர் திரும்ப வைத்தார். மேலும், அவர் படங்களில் பாதைக் காவலரும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவர்களும் எஞ்சினுக்குச் சமமாக ஒளி பெறுகிறார்கள். அவர் சேர்த்தது அங்கே நடந்ததன் ஒரு பகுதி. நான் அழித்ததும் அங்கே நடந்ததன் ஒரு பகுதிதான்!

தமிழ்த் துறை நண்பன் ஒருவன் மடக்கினான். "கவிஞன் உயர்வு நவிற்சி அணி பாடலாம், நிழற்படக்காரன் பாடக்கூடாதா?" நல்ல கேள்வி. பாடலாம். ஆனால் கவிதையைப் படிப்பவனுக்கு அது அணி என்று தெரியும். ஆங்கில ஓவியர் டர்னர் 1844-இல் மழையில் விரையும் புகைவண்டியைத் தீட்டியபோது அதன் முன்னால் ஒரு முயலை ஓடவிட்டார். அன்று அங்கே முயல் இருந்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை, ஏனென்றால் தூரிகை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நிழற்படமோ வாயைத் திறக்குமுன்பே 'இது தன்மை நவிற்சி' என்று வாக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த வாக்கின் பேரில் கைதட்டலை வாங்கிக்கொண்டு, பிறகு 'நான் கவிஞன்' என்பது கடன் வாங்கியவன் பேச்சு.

மேலைநாடுகளில் நீராவி ஆர்வலர்களுக்கென விடும் சிறப்பு வண்டிகளைப் பின்னோக்கிக் கொண்டுபோய், கேமராக்கள் முன்னால் மறுபடியும் புகையோடு ஓடவிடுவதுண்டு. அங்கும் நாடகம்தான், ஆனால் நாடகம் என்று எல்லோருக்கும் தெரியும். இன்று செயற்கை நுண்ணறிவு கேமராவே இல்லாமல் எஞ்சின் படம் வரைந்து தருகிறது. அவற்றில் சிலவற்றைக் கூர்ந்து பாருங்கள்: சக்கரங்களை இணைக்கும் தண்டு எங்கோ தொடங்கி எதிலும் சேராமல் முடியும். அந்த எஞ்சின் ஓரடி நகராது. என் படத்தில் செயலி ஊகித்து நிரப்பிய சக்கரமும் அப்படித்தான். பெரிதாக்கிப் பார்த்தேன், ஆரங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. நடுவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எண்ணெய் ஊற்றியவர் இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

இவ்வளவும் சொல்லிவிட்டுச் சும்மாயிருந்தால் அது வெறும் சொற்பொழிவு. ஆகவே நுண்கலைக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். வரும் விழாவில் நிழற்படப் போட்டியை இரண்டாகப் பிரிக்கலாம்: ஒன்று 'கண்டது', மற்றொன்று 'கற்பனை'. கற்பனையில் எதை வேண்டுமானாலும் சேர்க்கட்டும், முயலும் ஓடட்டும், யானையும் பறக்கட்டும். கண்டதில் வெளிச்சமும் வண்ணமும் வெட்டும் அளவும் மட்டும் அவரவர் விருப்பம். இரண்டிலும் மூலப்படத்தைக் கூடவே ஒட்டி, 'இன்ன மாற்றம் செய்தேன்' என்று ஒரு வரி எழுத வேண்டும். செலவு ஒரு தாள், லாபம் நாணயம்.

என் மூலப்படம் நல்லவேளையாக அழியவில்லை. அதை அச்சிட்டு அப்பாருவிடம் மறுபடியும் கொடுத்தேன். எஞ்சினைப் பார்க்கவேயில்லை அவர். குனிந்து நின்றவரின் கையையே பார்த்துவிட்டு, "கேனை இப்புடித்தான் சாய்ச்சுப் புடிக்கோணும்" என்றார். படம் இப்போது அவர் கட்டிலுக்கு மேலே இருக்கிறது. பரிசுச் சான்றிதழ் என் பெட்டிக்குள் கிடக்கிறது. அதை என்ன செய்வது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அடுத்த விழாவிலும் என் படம் வரும். புகை மெலிந்திருக்கும், வெயில் கடுமையாயிருக்கும், நடுச்சக்கரம் தெரியாது. எண்ணெய்க் கேனோடு அவர் இருப்பார்.