40 நிமிடமா, 12 மணி நேரமா?

காலை நிகழ்ச்சியில் தினமும் ஜேம் செய்தி சொல்பவள் நான். தூரம் என்றால் நமக்குக் கிலோமீட்டர்தான். சரவாக் உட்பகுதியில் அந்தக் கணக்கு எடுபடாது.

மருடி, பாரியோ இரண்டும் சிறிய விமான நிலையங்கள். இடையே வான்வழியில் ஏறக்குறைய 135 கிலோமீட்டர். 19 பேர் அமரும் ட்வின் ஒட்டர் விமானம் சுமார் 40 நிமிடத்தில் போய்விடும். ஏறுமுன் பெட்டியோடு நம்மையும் எடை போடுவார்கள்!

பாரியோ ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. மேகம் இறங்கிவிட்டால் விமானம் வராது. சாலை வழி என்றால், மிரியிலிருந்து வெட்டுமரப் பாதையில் ஏறக்குறைய 12 மணி நேரம். மழை பெய்தால் அதுவும் சந்தேகம்தான்.

சுற்றுலா போகும் நமக்கு அது வெறும் தாமதம். அங்கு வாழும் கெலாபிட் மக்களுக்கோ பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியே அதுதான்.

பாரியோ போகிறீர்களா? திரும்பும் பயணத்துக்கு ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பயணம் ரத்தானால் டிக்கெட்டை முன்கூட்டியே விட்டுக்கொடுங்கள். அந்த 19 இருக்கைகளில் ஒன்று கிடைத்தால், ஒரு நோயாளிக்கு 12 மணி நேரச் சாலைப் பயணம் மிச்சம்.