காவற்பரணில் ஒரு கண்

தம்புள்ளைக்கும் கலேவெலைக்கும் அப்பால் சேனைப் பயிர் செய்வோர் மரக்கிளையிற் பரண் கட்டி இராக்காவல் இருப்பதை நேயர்கள் அறிவர். வேலி உண்டு, மின்கம்பியும் வந்துவிட்டது. ஆயினும் பரண் ஒழியவில்லை. கம்பியின்மீது மரத்தைத் தள்ளிச் சாய்த்துவிட்டு உள்ளே வரக் கற்றுக்கொண்ட பிராணியல்லவா யானை! வேலி தடுக்கும்; கண்டு கூவுதற்கோ ஓர் ஆள் வேண்டும்.

இவ்வாரம் நாம் பேசப் புகுந்தது யானையைப் பற்றியன்று. வீட்டு மூலையில் விளக்கு மினுங்கக் குந்தியிருக்கும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியைப் பற்றி. பாடநூல்கள் அதனை வழிப்படுத்தி என்னும். வீட்டுக்கு வரும் செய்தியும் வீட்டிலிருந்து போகும் செய்தியும் அதனூடாகவே சென்றாக வேண்டும். தீச்சுவர் என்னும் வேலி பெரும்பாலும் வாங்கும்போதே அதனுள் அமைந்திருக்கும். அழையாது வருவோரை அது வாயிலில் நிறுத்திவிடும். ஆனால் உள்ளிருந்து புறப்படுவதை அது கேள்வி கேட்பதில்லை. ஏற்கனவே உள்ளே குடிபுகுந்த கள்வன் அதன் கண்ணிற் படுவதுமில்லை. அவனைக் கண்டு கூவுவது ஊடுருவல் அறிதல். கண்டவுடன் மறித்தும் விடுவது ஊடுருவல் தடுத்தல்.

டொரதி டெனிங் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் 1987இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு ஓர் அடித்தளமாயிற்று. வழக்கத்துக்கு மாறான நடத்தையைக் கவனிப்பது அவர் காட்டிய வழி. மற்றொரு வழி, அறியப்பட்ட தாக்குதல்களின் அடையாளங்களைப் பட்டியலிட்டு, கடந்து செல்லும் ஒவ்வொரு பொதியையும் அதனோடு ஒப்பிடுதல். மார்ட்டின் ரோஷ் 1998இல் ஆக்கிய ‘ஸ்னோர்ட்’ இவ்வகையினது. பின்னர் வந்த ‘சூரிக்காட்டா’, ஆபிரிக்காவின் சிறு விலங்கொன்றின் பெயரைத் தாங்கியது. கூட்டம் இரைதேடுகையில் ஒன்று மாத்திரம் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று காவல் பார்க்கும் விலங்கு அது. எங்கள் பரண்காரனுக்கு அங்கேயும் ஓர் இனத்தான்! இவ்விரு மென்பொருள்களையும் விலையின்றிப் பெறலாம். மலிவான ரவுட்டருக்கு இவற்றைச் சுமக்கும் வலு இராது. ஒதுக்கிவைத்த பழைய கணினிக்கு இரண்டு வலையமைப்பு அட்டைகளைப் பொருத்தி அதனையே வழிப்படுத்தியாக்குவர்.

இவையெல்லாம் பெரிய இடத்துக்கு உரியவை, எமக்கேன் என்பாரும் உளர். பெரிய இடத்திலும் நிகழ்ந்தது என்ன? 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி வலையமைப்பைப் பணயம் கேட்கும் தீநிரல் தாக்கிற்று. ஏறத்தாழ 5000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மடல்கள் மீட்கவியலாது போயின. பிரதிகளையும் அத்தீநிரல் விட்டுவைக்கவில்லை. அங்கே பயன்பட்டது காலங்கடந்த பதிப்பான மென்பொருள் என்பது பின்னர் வெளிவந்தது.

மாத்தளை நகருக்கு அணித்தே எமக்குத் தெரிந்த வாசிகசாலை ஒன்றுண்டு. வீட்டில் இணைய வசதியில்லாத தோட்டப்புறப் பிள்ளைகள் மாலையில் அங்கு வந்துதான் படிப்பார்கள். அவ்விடத்து இளைஞர்கள் பழைய கணினியொன்றில் சூரிக்காட்டாவை அமைத்து, ஆர்வ மிகுதியால் முதல்நாளே ‘தடு’ என்ற நிலையில் விட்டார்கள். அன்று மாலை உயர்தர வகுப்பினரின் இரசாயனவியற் பாடம் நடுவில் அறுந்தது. பெட்டி கள்வனென்று பிடித்தது ஆசிரியரை! காற்றில் அசையும் புதரையெல்லாம் யானையென்று கூவும் காவற்காரனை யார் நம்புவர்? பெட்டியைத் தூக்கியெறிய வேண்டும் என்று பெற்றோர் சிலர் சினந்தனர். அவர்களைக் குறைகூற எமக்கு மனமில்லை. பரீட்சைக்கு இருந்தது மூன்றே வாரம்.

பின்னர் ‘அறி’ என்ற நிலைக்கு மாற்றினர். எதையும் தடாமல், கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது மட்டுமே வேலை. இரு வாரம் நாள்தோறும் இரவில் அதனை வாசித்தார்கள். பெரும்பாலும் வெற்றுக் கூச்சல். ஒன்று மாத்திரம் விடாது திரும்பத் திரும்ப வந்தது: வாயிலில் மாட்டியிருந்த காவற் கமெரா, ஆளில்லா நள்ளிரவிலும் முன்பின் அறியாத வெளிநாட்டு முகவரியொன்றைத் தட்டிக்கொண்டிருந்தது. கள்வனைப் பார்க்க வைத்த கண்ணே கள்வனுக்கு வேலை செய்திருக்கிறது! அதன் கடவுச்சொல், தொழிற்சாலையில் இட்டபடியே இருந்தது. 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், இத்தகைய தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபதுக்கு மேற்பட்டவற்றை முயன்று பார்த்தே இலட்சக்கணக்கான கமெராக்களையும் ரவுட்டர்களையும் அடிமைகொண்டது. அந்த ஒக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்கள் பல அப்படையினால் ஒருநாள் முடங்கின.

கமெராவைத் துடைத்துப் புதுப்பித்து, கடவுச்சொல்லை மாற்றி, அதற்கெனத் தனி வலையமைப்பொன்றைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஐயமற்ற விதிகளை மாத்திரம் ஒவ்வொன்றாகத் ‘தடு’ நிலைக்குக் கொணர்கிறார்கள். விதிப் பட்டியலை நாள்தோறும் புதுப்பிப்பதையும் மறப்பதில்லை. நேற்றைய பட்டியலுக்கு இன்றைய கள்வனைத் தெரியாது. இந்நாளிற் பெரும்பாலான செய்திகள் மறைகுறியாக்கப்பட்டே செல்வதால், பெட்டி உறையின் மேல்விலாசத்தைப் பார்க்குமேயன்றி உள்ளிருக்கும் கடிதத்தைப் படியாது.

ஆயினும் மேல்விலாசமே பல கதை சொல்லுமன்றோ? எந்தப் பிள்ளை எந்தத் தளத்துக்குப் போயிற்று என்று அறியும் ஆசை பெரியோர் சிலருக்கு உண்டாயிற்று. இளைஞர்கள் இசையவில்லை. குறிப்பேட்டை முறைவைத்து இருவர் மட்டுமே வாசிப்பது, முப்பது நாளில் அழித்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறார்கள். எம்மைக் கேட்டால் பதினான்கு நாளே போதும் என்போம்.